ஊவா மலைத்தோட்டங்களிற் கிறிஸ்தவ வழிபாடும் இறைநம்பிக்கையும்

சமயம் நூல்களில் மட்டும் வாழ்வதன்று. அதனைக் கைக்கொண்டு ஒழுகும் மக்களின் நாளாந்த வாழ்க்கையிலேயே அஃது உயிர்பெறுகின்றது. ஒரு சமயத்தின் கொள்கைகளை அறிய அதன் வேதநூலும் தத்துவநூலும் உதவும். ஆயின் அச்சமயம் மனிதனுக்கு எத்தகைய துணையாய் நிற்கின்றது என்பதை அறிய வேண்டின், விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்லும் ஏழையின் இல்லத்தை நோக்குதல் வேண்டும். சைவ நன்மக்கள் பெருந்தொகையினராக வாழும் ஊவாத் தோட்டங்களிலே, அதே லயத்தில், அதே கூரையின்கீழ், சிறுதொகையினரான கிறிஸ்தவரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். ஒரு காம்பிராவில் முருகன் படமும் அடுத்த காம்பிராவிற் சிலுவையும் விளங்க, இடையே நிற்பது ஒரு சுவர் மட்டுமே. அச்சுவருக்கு அப்பால் உள்ளவர் எதனை நம்புகின்றார், எவ்வாறு வழிபடுகின்றார், துன்பம் வந்துற்றபோது எதனைப் பற்றி நிற்கின்றார் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாளோடு வந்ததும் கூடையோடு வந்ததும்

கிறிஸ்தவரின் படையொன்று பதினேழாம் நூற்றாண்டிலேயே ஊவாவுக்கு வந்ததுண்டு. 1630ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா பெரும் படையுடன் பதுளைவரை வந்து, நகரை அழித்து, மீளும் வழியில் ரந்தெனிவெலையிற் கண்டியரசின் படையால் முறியடிக்கப்பட்டு மாண்டான். வாளோடு வந்த அவ்வருகையால் இம்மலைகளிற் சபை எதுவும் வேரூன்றவில்லை. பின்னர் வேரூன்றிய விசுவாசம் பெரும்பாலும் கொழுந்துக் கூடையோடும் கவ்வாத்துக் கத்தியோடும் வந்ததாகும்.

பிரித்தானியர் ஆட்சியிற் கோப்பிப் பயிர் மலைநாட்டிற் பரவியபோது, திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய பகுதிகளினின்றும் தமிழ் மக்கள் கங்காணிமார் வழியே இங்கு வந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. வந்தோருள் மிகப் பலர் இந்துக்கள். ஒருசிலரோ தம் ஊர்களிலேயே கத்தோலிக்கராகவோ சீர்திருத்தச் சபையினராகவோ இருந்தவர்கள். ஊரையும் உறவையும் விட்டுப் புறப்பட்ட அவர்கள், மாரியம்மன் திருவிழாவை இந்துக்கள் தம்மோடு கொண்டுவந்தவாறே, தம் செபங்களையும் கீர்த்தனைகளையும் உடன்கொண்டு வந்தனர்.

இம்மக்களிடையே சமயப்பணி செய்தற்பொருட்டு 1854ஆம் ஆண்டிலே திருச்சபைத் தொண்டர் சங்கத்தின் ஆதரவிற் 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் அமைப்புத் தோன்றியது. தோட்டத் துரைமார் அதற்குப் பொருளுதவி புரிந்தனர். திருநெல்வேலியினின்றும் வந்த தமிழ் உபதேசியார் அதன் உழைப்பாளர் ஆயினர். தோட்டத்துக்குத் தோட்டம் கால்நடையாகச் சென்று, பெரட்டுக்களத்திலும் லயத்து வாயிலிலும் நின்று போதித்தவர்கள் அவர்களே. வெஸ்லியன் சபையினர் 1880களிற் சாமுவேல் லாங்டன் என்பாரின் முயற்சியால் ஊவாவிற் பணிதொடங்கிக் கல்விக்கூடங்களை நிறுவினர். கத்தோலிக்கர் கண்டி மறைமாவட்டத்தின் பகுதியாய் நெடுங்காலம் இருந்தனர். 1972ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், பதுளை, மொனராகலை மாவட்டங்களை உள்ளடக்கிய பதுளை மறைமாவட்டம் தனியே அமைக்கப்பட்டது.

அக்கால மிஷனின் பெயரிலேயே 'கூலி' என்னும் சொல் இடம்பெற்றிருந்தமை கவனிக்கத்தக்கது. இறைவன் திருமுன் யாவரும் ஒரே தந்தையின் மக்கள் என்று போதித்த சபையே, அம்மக்களை அவர்தம் கூலியால் அழைத்தது. துரைமாருட் சிலர் பொருளுதவி செய்தமைக்குப் பத்தி ஒரு காரணமாயின், சமயம் கற்ற தொழிலாளர் அடங்கி நடப்பர் என்னும் எண்ணமும் உடன்நின்றிருக்கலாம். பிற்காலத்தில் அப்பெயர் கைவிடப்பட்டது. ஆயினும், இறைநம்பிக்கை உழைப்பவனை அடங்கச் செய்வதா, நிமிரச் செய்வதா என்னும் வினா அன்றே தோன்றிவிட்டது.

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தைக் காட்டும். பதுளையில் அரசாங்க உதவி முகவராயும் நீதிபதியாயும் இருந்தவரும், யானை வேட்டையிற் பெயர்பெற்றவருமான மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட இவ்வாலயத்தைக் கொழும்பின் முதல் அத்தியட்சர் ஜேம்ஸ் சப்மன் 1857இற் பிரதிட்டை செய்தார். ஆள்வோரின் நினைவு கல்லிலே பொறிக்கப்பட்டது. அதே காலத்தில் மலைவழியிற் பசியாலும் நோயாலும் வீழ்ந்த தொழிலாளர் பல்லாயிரவர்க்குக் கல் எதுவும் நாட்டப்படவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் செய்யும் செபமே அவர்க்கு நினைவுச்சின்னமாய் உள்ளது.

சொல்லும் பொருளும்

ஒரு சமயம் ஒரு மக்களிடையே வேரூன்றும்போது அம்மக்களின் மொழியிலே தனக்குரிய சொற்களைத் தேடுகின்றது. தமிழிற் கிறிஸ்தவர் இறைவனைக் குறிக்கக் கையாண்ட சொற்கள் ஆராய்ச்சிக்கு இனிய பொருளாகும். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான றொபேட் டி நொபிலியின் மரபைப் பின்பற்றிய கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றனர். தரங்கம்பாடி மரபில் வந்த பப்பிரீசியுவின் மொழிபெயர்ப்புப் 'பராபரன்' என்றது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் யாழ்ப்பாணத்தில் உருவாகி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பிலே 'தேவன்' என்னும் சொல் ஆளப்பட்டது. இம்மொழிபெயர்ப்பின் செந்தமிழ்ச் செம்மைக்கு உழைத்தவர் சைவம் காத்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களே என்பது கல்வியுலகம் அறிந்ததாகும். தமக்குரியதல்லாத சமயத்தின் வேதநூலையும் பிழையற்ற தமிழில் அமைக்க உழைத்த அப்பெரியார், தம் சைவப்பற்றிற் சிறிதும் தளரவில்லை. பிறர் சமயத்தைச் செவ்வனே அறிதல் தன் சமயத்தைக் கைவிடுதலன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தோட்டத்துக் கத்தோலிக்கர் தம் ஆலயத்தைக் 'கோயில்' என்றும், குருவானவரைச் 'சாமி' என்றும், திருப்பலியைப் 'பூசை' என்றும் வழங்குவர். சீர்திருத்தச் சபையார் சந்திக்கும்போது 'தோத்திரம்' என்று கூறிக் கைகூப்புவர். அவர் பாடும் கீர்த்தனைகளோ கருநாடக இசையின் இராகதாளங்களில் அமைந்தவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864) இயற்றியளித்த இசைப்பாடல் மரபு, கடல்கடந்து வந்து லயத்துக் கூட்டங்களிற் கஞ்சிராவோடு ஒலித்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் வைணவக் குடியிற் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827 – 1900) இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். கம்பரின் தமிழும் ஆழ்வார்களின் பத்தியும் அவர் பாட்டில் ஊறி நின்றன.

கிறிஸ்தவர் நம்பிக்கையைக் குறிக்க 'விசுவாசம்' என்னும் சொல்லை வழங்குவர். இச்சொல் இறைவன் உளன் என்று அறிவால் ஒப்புக்கொள்வதை மட்டும் குறிப்பதன்று. குழந்தை தாயின் கைப்பற்றி நடத்தல் போலத் தன்னை முற்றாக ஒப்புவித்தலையே அது சிறப்பாகக் குறிக்கும். வைணவர் கூறும் சரணாகதியும், சைவர் போற்றும் அருட்பேறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன. வேற்றுமையும் உண்டு. உயிர் பல பிறவிகளிலே பக்குவமடைந்து இறைவனை அடையும் என்பது சைவ சித்தாந்தம். இப்பிறவி ஒன்றே என்றும், இறைவன் இயேசு கிறிஸ்துவில் மனிதனாய்ப் பிறந்து மனிதரின் துன்பத்தைத் தானும் ஏற்றான் என்றும் கிறிஸ்தவம் கூறும். தச்சுத் தொழிலாளியின் இல்லத்தில் வளர்ந்து, தச்சனாய் உழைத்து, ஆள்வோராற் சிலுவையில் அறையுண்டவரே தம் ஆண்டவர் என்னும் எண்ணம், உழைத்து வாழும் மக்களின் உள்ளத்தை எளிதிற் பற்றிக்கொள்வதாகும்.

ஒரு நாளின் வழிபாடு

தோட்டத்து வாழ்க்கை மணிக்கணக்கிற்கு உட்பட்டது. முற்காலத்தில் விடியுமுன் தப்பொலி எழுப்ப, தொழிலாளர் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பர். அக்காலந்தொட்டு விசுவாசியான தாயின் முதல் வழிபாடு அடுப்படியிலேயே நிகழ்கின்றது. அடுப்பை மூட்டி, தேநீருக்கு நீர்வைத்து, ரொட்டிக்கு மாப் பிசையும் கைகள் ஓய்வு பெறுவதில்லை. ஆதலின் செபம் உதடுகளில் நிகழ்கின்றது. பிள்ளைமடுவத்திற் குழந்தையை விடும்போது அதன் நெற்றியிற் சிலுவை அடையாளம் இடுதல் கத்தோலிக்கத் தாய்மாரின் வழக்கம். மலையேறி நிரை பிடித்து நின்றபின், 'பொலி, பொலி' என்னும் மங்கலச் சொற்கூறிக் கொழுந்து கிள்ளத் தொடங்குதல் தோட்டத்துப் பழைய மரபு. அச்சொல்லோடு தன் ஆண்டவரின் பெயரையும் சேர்த்துக் கூறுவாளாயின், கிறிஸ்தவப் பெண்ணின் வேலையும் அந்த நிரையிலேயே வழிபாடாகி விடுகின்றது.

மாலையில் மடுவத்திற் கொழுந்து நிறுத்து, விறகு சுமந்து, வீடுதிரும்பிய பின்னர் குடும்பச் செபம் நடைபெறும். இஸ்தோப்பிலோ உள்வீட்டிலோ பாய் விரித்து, விளக்கொன்று ஏற்றிவைத்து, கத்தோலிக்கர் செபமாலை சொல்வர். சீர்திருத்தச் சபையார் வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்துக் கீர்த்தனை பாடிச் செபிப்பர். எழுத்தறியாப் பெற்றோர் இருந்த இல்லங்களிற் பள்ளிசென்ற சிறுவனோ சிறுமியோ வாசித்தல் வழக்கமாயிற்று. தோட்டங்களில் துரைமார் பள்ளிக்கூடம் அமைத்தல் வேண்டுமென்னும் கடப்பாடு 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தாலேயே உறுதியாக்கப்பட்டது. அப்பள்ளிகளும் நெடுங்காலம் மிகக் குறைந்த கல்வியையே அளித்தன. அந்நிலையில், வேதவாசிப்பு வழிபாடாய் இருந்ததோடு எழுத்தறிவின் வாயிலாகவும் அமைந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு தோட்டமக்களுக்கு எளிதில் வாய்ப்பதன்று. ஆலயம் பல மைல்களுக்கு அப்பால் இருக்கும். குருவானவரோ போதகரோ பல தோட்டங்களைச் சுற்றி வருபவராதலின், ஒரு தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை வருதலே அரிதாகும். இடைப்பட்ட வாரங்களில் உபதேசியார் ஒருவரோ, சபையின் மூத்தார் ஒருவரோ வழிபாட்டை நடத்துவர். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டுப் போயா நாட்களே வாரவிடுமுறையாய் இருந்தன. அக்காலத்திற் கிறிஸ்தவர் ஞாயிறன்று அதிகாலையிலோ வேலை முடிந்த மாலையிலோ கூடி வழிபட நேர்ந்தது. வழிபாட்டின் நேரம் மாறியது, வழிபாடு மாறவில்லை.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கரின் வழிபாட்டிற் பெருமாற்றத்தை விளைவித்தது. அதுவரை இலத்தீனில் ஒப்புக்கொடுக்கப்பட்ட பூசையைத் தோட்டத்து மக்கள் பொருள் உணராது பத்தியோடு கண்டனர். செபமாலையையும் தமிழ் மன்றாட்டுக்களையும் தாமே சொல்லிக்கொண்டனர். சங்கத்தின் பின்னர்த் திருப்பலி தமிழிலேயே நிகழலாயிற்று. தன் மொழியிலே இறைவனோடு உரையாடுதற்கு எளியவனுக்கும் உரிமை உண்டு என்பது இதனால் வெளிப்பட்டது. தேவார திருவாசகங்களைத் தாய்மொழியில் ஓதிப் பழகிய சைவ மக்களுக்கு இவ்வுரிமையின் அருமை எளிதில் விளங்கும்.

ஆண்டின் விழாக்களும் மலைச்சூழலுக்கு ஏற்பவே அமைகின்றன. மார்கழி மாதம் ஊவாவில் வடகீழ்ப் பருவமழையின் காலம். பனியும் மழையும் சூழ்ந்த இரவிலே, குடையும் விளக்கும் ஏந்தி, இளைஞர் லயத்துக்கு லயம் சென்று கிறிஸ்து பிறப்பின் கீதங்களைப் பாடுவர். தபசு காலத்திற் சிலுவைப்பாதைத் தியானம் மலைப்பாதையிலேயே நடைபெறும். பதினான்கு நிலைகளையும் ஏறிக் கடந்தவர், அதே பாதையில் மறுநாட் கூடை சுமந்து ஏறுவர். கார்த்திகை 2ஆம் நாளிலே கல்லறைத் திருநாள் வரும். கற்பதித்த கல்லறைகள் தோட்டத்து ஏழைக்கு வாய்ப்பதில்லை. தேயிலைச் செடிகளின் நடுவே உள்ள மண்மேடுகளைப் புற்செதுக்கிப் பூவிட்டு மெழுகுதிரி ஏற்றுவர். சில ஆண்டுகளில் மேடும் தெரியாது மறையும். ஆயினும் 'இங்கேதான்' என்று முதியோர் கைகாட்டும் இடத்தில் அத்திரி எரியும்.

நாட்கூலியும் நாளுணவும்

இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த செபத்திலே, அன்றன்றைக்கு வேண்டிய உணவை அன்று தருமாறு வேண்டும் ஒரு விண்ணப்பம் உண்டு. மாதச் சம்பளமும் சேமிப்பும் உடையோர் அதனைப் பொதுவாகச் சொல்லிவிடலாம். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கோ அஃது உள்ளவாறே பொருந்தும் விண்ணப்பமாகும். மழை கடுத்து வேலை நின்றாலும், குறித்த இறாத்தல் கொழுந்து சேராதுபோனாலும் அன்றைய கூலி குறையும். முழுநாள் உழைத்தும் அளவு நிறையாதோர்க்குப் பாதிக்கூலி பதியப்படுதலைத் தோட்டத்தில் 'அரைப்பேர்' என்பர். ஒரு மனிதனின் பெயரே அரையாகிப் போதலை உணர்த்தும் இச்சொல்லிற் பெருந்துயர் அடங்கியுள்ளது.

மத்தேயு எழுதிய சுவிசேடத்தின் இருபதாம் அதிகாரத்தில் உள்ள உவமை இம்மக்களிடையே தனிப்பொருள் பெறுகின்றது. திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரன் ஒருவன் விடியற்காலையிற் சிலரையும், பிற்பொழுதுகளில் வேறு சிலரையும், மாலைக்கு ஒரு மணிநேரம் இருக்கையில் இன்னுஞ் சிலரையும் வேலைக்கமர்த்துகின்றான். பொழுது சாய்ந்தபின் யாவர்க்கும் ஒரே கூலி கொடுக்கின்றான். நாள் முழுதும் உழைத்தோர் முறுமுறுக்க, தான் எவர்க்கும் அநீதி செய்யவில்லை என்றும், தன் இரக்கத்தைக் கண்டு பொறாமை கொள்வது ஏன் என்றும் அவன் வினவுகின்றான். நகரத்து மண்டபத்தில் இவ்வுவமை இறையருளின் விரிவை விளக்குவதாகக் கொள்ளப்படும். தோட்டத்துக் கூட்டத்திலோ அதனோடு வேறொன்றும் கேட்கப்படும்: அத்தோட்டத்தில் எவர்க்கும் அரைப்பேர் இல்லை. பிந்தி வந்தவனுக்கும் வயிறு உண்டு, வீட்டிற் பிள்ளைகள் உண்டு என்பதை அறிந்த முதலாளி ஒருவன் உளன். இறைவனின் ஆட்சியில் மனிதனின் மதிப்பு இறாத்தற் கணக்கால் அளக்கப்படுவதில்லை என்னும் உறுதியே இங்கு விசுவாசமாகின்றது.

இவ்வுறுதி மனிதனைச் சோம்பியிருக்கச் செய்வதன்று. ஆகாயத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் சுட்டிக்காட்டி, நாளையைக் குறித்துக் கவலையுறாதிருக்குமாறு இயேசு போதித்தார். பறவையும் விடியுமுன் எழுந்து இரைதேடிச் செல்லுகின்றது. உழைப்பை விடுக என்பது அப்போதனையின் பொருளன்று. உழைப்பவன் அச்சத்துக்கு அடிமையாகாதிருப்பானாக என்பதே பொருள். 2021ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தது செபத்தால் மட்டும் அன்று. ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்த கோரிக்கையாலும் போராட்டத்தாலும் ஆம். அப்போராட்டத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் அருகருகே நின்றனர்.

மலை சரிந்தபோது

இறைநம்பிக்கை உரைகல்லில் உரைக்கப்படுவது பேரிடர்க் காலத்திலாகும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிலே, கொஸ்லாந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவொன்று நிகழ்ந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த சிறுவர் பலர் உயிர்தப்பினர். அவருட் சிலர் திரும்பி வந்தபோது பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை, வீடிருந்த இடமும் இல்லை. மண்ணுள் மறைந்தோரைத் தேடும் பணி முடியுமுன்னரே அவ்வாண்டின் கல்லறைத் திருநாளும் வந்து சென்றது.

இத்தகைய வேளையில் எச்சமயத்தவர் உள்ளத்திலும் எழும் வினா ஒன்றே: இது யார் செய்த குற்றத்தின் பயன்? முன்செய்த வினை என்று கூறுவோர் உளர்; கடவுளின் தண்டனை என்று கூறும் கிறிஸ்தவரும் உளர். ஆயின் லூக்கா எழுதிய சுவிசேடத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் இவ்வினாவை நேராகவே எடுத்துக்கொள்கின்றது. சீலோவாம் என்னுமிடத்தில் ஒரு கோபுரம் சரிந்து பதினெண்மர் மாண்டனர். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரினும் பெரிய குற்றவாளிகளோ என்று வினவி, அல்லர் என்று இயேசு தாமே விடைகூறினார். துன்புற்றோரின் நடத்தையை ஆராயாது, உயிரோடிருப்போர் தம் நடத்தையை ஆராய்ந்து மனந்திரும்புமாறு அவர் பணித்தார். மண்ணுள் மாண்ட தாயொருத்தியின் ஒழுக்கத்தைப் பற்றி ஐயுறுதல் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு உடன்பாடன்று என்பது இதனால் தெளிவாகும்.

மனந்திரும்புதல் என்பது இவ்விடத்தில் எதனைக் குறிக்கும்? மீரியபெத்தைப் பகுதி மண்சரிவு அபாயமுடையது என்பது பேரிடருக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, செல்லுதற்கு வேறிடம் மக்களுக்கு இருக்கவில்லை. காணியும் வீடும் தமக்கெனப் பெறாத மக்கள், சரியும் மலை என்று அறிந்தும் அதன் அடியிலேயே உறங்கினர். ஆதலின் அவ்விறப்புக்களை இறைவன் திருவுளம் என்று கூறி அமைதல், மனிதர் செய்யத்தவறிய கடமையை இறைவன்மீது சுமத்துதலாகும். பாதுகாப்பான நிலத்தில் வீடமைத்துக் கொடுத்தலும் மனந்திரும்புதலின் பகுதியே.

மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்தி, தன் உதவி எங்கிருந்து வரும் என வினவும் யாத்திரிகனின் பாட்டு வேதாகமத்தில் 121ஆம் சங்கீதமாக உள்ளது. ஊவா மக்கள் விரும்பி ஓதும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அதனை மலைப்புகழ் என்று எண்ணுவோர் அதன் விடையை ஊன்றிக் கவனித்தாரல்லர். உதவி மலையினின்றும் வருவதாக அப்பாட்டுக் கூறவில்லை; வானையும் மண்ணையும் படைத்தவரிடமிருந்தே வருவதாகக் கூறுகின்றது. மலை சரியலாம். சோறளித்த மலையே உயிரையும் கவரலாம். அதன்பின்னும் எஞ்சியிருப்பது எதுவோ அதன்மீதே நம்பிக்கை ஊன்றப்படுதல் வேண்டும் என்பது அச்சங்கீதத்தின் உட்கருத்து.

நம்பிக்கையும் நீதியும்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். குடும்பங்கள் பிரிந்தன, சபைகளும் பிரிந்தன. ஒரே கீர்த்தனையைப் பாடிய அண்ணன் நீலகிரியிலும் தம்பி பசறையிலும் ஆயினர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பெரிதும் தீர்ந்தது. அந்நெடுங்காலத்திலே ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு தனிச்சிறப்பைப் பெற்றிருந்தது. செக்றோலிற் கூலிக்காக எழுதப்பட்ட பெயர், அங்கே தாய் தந்தையர் பெயரோடும் நாளோடும் எழுதப்பட்டது. அரசு ஏற்க மறுத்த மனிதனை, ஒரு புத்தகமாவது முழுப்பெயரால் அறிந்திருந்தது.

பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயரான லியோ நாணயக்கார ஆண்டகை, கண்டியின் ஆயராயிருந்து, 1972இல் இச்சிறிய ஏழை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றவர். 1982இல் இறக்கும்வரை, திருச்சபை மக்களுக்குத் தலைமைகொள்ள வருவதன்று, அவரோடு வாழ வருவது என்னும் கொள்கையை அவர் நடைமுறையிற் காட்ட முயன்றார். அவர் அழைப்பினால் ஊவாவுக்கு வந்தவர் அருட்டந்தை மைக்கேல் றொட்றிகோ. புலமை மிக்க அவர், புத்தல பகுதியிலே பௌத்த விவசாயிகளிடையே எளிய குடிலொன்றில் வாழ்ந்தார். அவரை மதம் மாற்றுதற்கு முயலாது, அவரோடு உரையாடி அவர் துயரிற் பங்குகொண்டார். நாட்டில் வன்செயல் மலிந்திருந்த 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி ஒப்புக்கொடுத்துக் கொண்டிருக்கையிலேயே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆபத்தை அறிந்தும் மக்களை விட்டு அகலாதிருந்த அவர் முடிவு, இறைநம்பிக்கை என்பது ஆபத்தினின்றும் தப்புதற்குரிய காப்பீடு அன்று என்பதை உணர்த்துகின்றது.

அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள அடிசம் மாளிகையும் சிந்தனைக்குரியது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் ஆங்கில நாட்டு மாளிகையைப் போன்று அதனை அமைப்பித்தார். 1960களில் அது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாயிற்று. செபமும் உழைப்பும் இணைந்ததே வாழ்வு என்பது ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெனடிக்ற் வகுத்த நெறி. அம்மடத்துத் துறவியர் பழங்களைப் பயிர்செய்து பாகு காய்ச்சி விற்று வாழ்கின்றனர். செபத்தையும் உழைப்பையும் இணைக்கும் அந்நெறியை, மடத்துக்குக் கீழே உள்ள லயங்களில் வாழும் தாய்மார் நூலறியாமலே அடுப்படியிலும் நிரையிலும் கைக்கொண்டு வந்துள்ளனர்.

அயலவர்

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்திற் பௌத்தர் பெரும்பான்மையினர். இந்துக்கள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர். கிறிஸ்தவரோ மிகச் சிறுதொகையினர். சிறுதொகையினர் தம் அயலவரின் நன்மனத்தாலேயே வாழ்கின்றனர். தீபாவளிப் பலகாரம் ஒரு காம்பிராவிலிருந்து மறு காம்பிராவுக்குச் செல்லும். நத்தார்ப் பலகாரம் அவ்வழியே திரும்பி வரும். மரணவீட்டில் யாவரும் கூடுவர். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தமிழர் தாக்கப்பட்டபோது, தாக்கியோர் திருநீற்றையும் சிலுவையையும் வேறுபடுத்தி நோக்கவில்லை. அக்காலங்களில் தமிழரை ஒளித்துவைத்துக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். தமக்குக் குற்றஞ்செய்தோரை மன்னிக்க வேண்டும் என்னும் விண்ணப்பத்தை நாள்தோறும் செபத்திற் சொல்லும் கிறிஸ்தவர்க்கு, அவ்வாண்டுகளின்பின் அச்சொற்கள் எளிதாய் வாயில் வந்திரா. வருந்தியேனும் அவற்றைச் சொன்னமையே அவர்தம் வழிபாட்டின் உயர்நிலையாகும்.

இவ்வுறவுக்குக் குறையும் உண்டு. மதமாற்றம் பற்றிய ஐயம் ஒருபுறமும், பிறர் வழிபாட்டை இகழும் பேச்சு மறுபுறமுமாய்ச் சில இடங்களிற் புதிய கசப்பு தோன்றுவதை மறைத்தல் பயனற்றது. இல்லாதவனின் துன்பத்தை வாய்ப்பாகக் கொண்டு அவனைத் தன்பக்கம் இழுத்தல் விசுவாசத்தின் நெறியன்று. அயலவனின் விசுவாசத்தை ஐயத்தோடு மட்டும் நோக்குதலும் அறிவின் நெறியன்று. நாவலர் பெருமான் காட்டிய வழி இரண்டுக்கும் நடுவே செல்லுவது: தன் நெறியில் உறுதி, பிறர் நெறியிற் செம்மையான அறிவு.

முடிவுரை

தொடக்கத்தில் எழுந்த வினா, இறைநம்பிக்கை உழைப்பவனை அடங்கச் செய்வதா, நிமிரச் செய்வதா என்பதாகும். ஊவாவின் வரலாறு இரண்டுக்கும் சான்று தருகின்றது. ஆள்வோர் சமயத்தை அடக்குதற்குரிய கருவியாகக் கொள்ள விரும்பியதுண்டு. ஆயின், எளியோர் தம் கைகளால் அதனைப் பற்றியபோது, அரைப்பேர் எழுதப்பட்ட மனிதன் தான் முழு மனிதன் என்று அறியும் அறிவாக அது மாறியது. துன்பம் தண்டனையன்று, கூலி மதிப்பன்று, மரணம் முடிவன்று என்னும் மூன்று உறுதிகளே ஊவாத் தோட்டத்துக் கிறிஸ்தவரின் விசுவாசத்திற் சாரமாய் நிற்பவை. அவற்றை அவர்கள் நூலில் எழுதி வைக்கவில்லை. ரொட்டி சுடும் அடுப்படியிலும், கொழுந்து நிரையிலும், பெயரற்ற மண்மேட்டில் ஏற்றிய திரியிலும் எழுதி வைத்துள்ளனர். அடுத்த காம்பிராவில் ஒலிக்கும் மாலைச் செபத்தை இனிக் கேட்கும் மாணவன், அது தன் இல்லத்துத் தேவாரத்தோடு ஒரே கூரையின்கீழ் எழுந்து, ஒரே பசியையும் ஒரே அச்சத்தையும் இறைவன் திருமுன் வைக்கும் குரல் என்று உணர்வானாயின், இம்மலைகளின் வாழ்வில் ஒற்றுமை வளரும்.